கல்யாண பீருக்கு ஒரு மில்

லுபோர் ஓட்டும் ரயிலில் நான் டிக்கெட் பார்ப்பவன். ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. ஹவ்லிச்கூவ் ப்ரோட் நகரத்தில் கிளம்பி, காட்டுக்குள் வளைந்து நெளிந்து எங்கள் ஊரில் வந்து நிற்கும். ஓட்டுநருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. பயணிகள் குறைந்த நேரத்தில் அது திறந்தே கிடக்கும். இந்தக் கதையில் நான் நேரில் பார்க்காத பகுதிகள் எல்லாம் அந்தக் கதவு வழியாக என் காதுக்கு வந்தவை.

லுபோரின் மனைவி ஷார்கா, மகள் அபொலேனா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அவரை விட்டுவிட்டு ஹினெக்குடன் போய்விட்டாள். ஹினெக், பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். குடியிருப்பு அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி. அடிதடி, கூச்சல் எதுவும் நடக்கவில்லை. மதுக்கூடத்தில் லுபோர் கணப்பை ஒட்டி உட்கார்ந்தால் ஹினெக் ஜன்னலோரம் போய் உட்காருவார். தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான். அபொலேனா பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று வளர்ந்து, பால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. ஜூன் மாதம் கல்யாணம்.

பிப்ரவரியில் ஒரு நாள் அவள் அப்பாவிடம் வந்து சொன்னாள்.

"அப்பா, கல்யாணத்துக்குக் கடை பீர் வேண்டாம். நீ காய்ச்சுறதுதான் வேணும்."

"அத்தனை பேருக்கா?"

"அத்தனை பேருக்கும் இல்ல. முதல் ரெண்டு பீப்பாய் உன்னோடது. அதுக்கப்புறம் எவனுக்கு ருசி தெரியப்போகுது?"

லுபோர் வீட்டில் பீர் காய்ச்சுவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். துணி துவைக்கும் அறையில் பெரிய செம்பு அண்டா ஒன்று வைத்திருந்தார். கீழே நிலவறை இருந்தது. குளிர்காலம் முழுக்க அது பனிக்கட்டிபோல் இருக்கும். எங்கள் பக்கத்துப் பீர் மெல்லப் புளிப்பதற்கு அந்தக் குளிர்தான் முக்கியம். ஏப்ரல் வந்து நிலவறை சூடாகிவிட்டால் அந்த வருஷம் காய்ச்ச முடியாது. ஆகவே மகள் கேட்டதில் லுபோருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

அதுவரை பக்கத்து ஊர் பீர் ஆலையில் மால்ட்டை நொறுக்கியே வாங்கிவந்துகொண்டிருந்தார். ஆலை கைமாறியது. புதிதாக வந்தவர்கள் முழு மால்ட்தான் மூட்டையாகத் தருவோம், நொறுக்கித் தர மாட்டோம் என்றார்கள். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வீட்டில் எதில் நொறுக்குவது? காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியில் போட்டுப் பார்த்தார். மாவாகிவிட்டது. மால்ட் மாவாகக் கூடாது. உள்ளே இருக்கும் பருப்பு உடைய வேண்டும், மேலே இருக்கும் உமி கிழியக் கூடாது. வெந்நீரில் போட்ட மால்ட் ஊறலை வடிக்கும்போது அந்த உமிதான் அடியில் படிந்து சல்லடையாக நிற்கும். உமி தூளானால் எல்லாம் சேர்ந்து களியாகிவிடும். அவருக்கு அப்படித்தான் ஆனது. குழாயைத் திறந்துவிட்டு மத்தியானம் முழுக்கக் காத்திருந்தும் ஒரு குவளைகூடச் சரியாக வடியவில்லை. அந்தக் களியை என் கோழிகளுக்குக் கொண்டுவந்து கொட்டினார். கோழிகள் இரண்டு நாள் ஒரு மாதிரி நடந்தன.

பிறகு தானே ஒரு மில் செய்யலாம் என்று இறங்கினார். பரணில் கிடந்த பழைய துணி பிழியும் கருவியிலிருந்து இரண்டு உருளைகளைக் கழற்றி, பலகையில் பொருத்தி, கைப்பிடி வைத்தார். மால்ட்டைக் கொட்டிச் சுற்றினால், உருளைகள் சுற்றின, மால்ட் அவற்றின் மேல் குதித்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மணிகூட உள்ளே போகவில்லை.

"வழுக்குது," என்றார் என்னிடம், சிக்னலுக்காக வண்டி நின்றிருந்தபோது. "உருளை மேல சொரசொரப்பு இல்லாம அது மணியப் பிடிக்காது. இரும்பு உருளை வேணும். லேத்துல கடையணும்."

ஊரில் வீட்டில் லேத் வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் பெயரை நானும் சொல்லவில்லை, லுபோரும் சொல்லவில்லை. சிக்னல் பச்சைக்கு மாறியது.

அபொலேனா எங்களைப்போலத் தயங்குகிறவள் அல்ல. அப்பா காகிதத்தில் வரைந்து வைத்திருந்த படத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய் ஹினெக்கிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை காலையில் லுபோர் கதவைத் திறந்தால், வாசலில் ஹினெக். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஏதோ ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் ஏந்திக்கொண்டு நின்றார்.

"உங்க பொண்ணு கேட்டா," என்றார் ஹினெக்.

"கேட்டிருப்பா."

"உருளை ரெண்டும் கடைஞ்சாச்சு. மேல கட்டம் கட்டமா சொரசொரப்பு போட்டிருக்கேன். ஆனா உங்க படம் சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி மாத்தவே முடியாத மாதிரி வரைஞ்சிருக்கீங்க."

"எதுக்கு மாத்தணும்? ஒரு தடவ சரியா வச்சா போதாதா?"

"போன வருஷ பார்லி குண்டா இருந்தது. இந்த வருஷம் மழையே இல்ல, ஒல்லியா இருக்கு. ஒரே இடைவெளில ரெண்டையும் எப்படி உடைப்பீங்க? அப்புறம் கோதுமை மால்ட் போடணும்னு தோணினா?"

லுபோர் கதவு நிலையில் கையை ஊன்றி நின்றார். அவருக்குக் கோபம் வந்தது. ஆள் சொல்வது சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. கடைசியில் வழிவிட்டார்.

"காலத் தொடச்சுட்டு வாங்க."

அப்படித்தான் ஹினெக் முதல்முறை அந்த வீட்டுக்குள் நுழைந்தார்.

ஹினெக்கின் யோசனை எளிமையானது. ஒரு உருளை இடம் மாறாமல் சுற்றும். மற்றதன் அச்சு இரண்டு பக்கமும் பித்தளைப் புஷ்ஷில், அதாவது அச்சைத் தாங்கும் வளையத்தில், உட்கார்ந்திருக்கும். புஷ்ஷின் துளை நட்டநடுவில் இல்லாமல் கொஞ்சம் ஓரமாக இருக்கும். ஆகவே புஷ்ஷைத் திருப்பினால் உருளை மற்றதை நெருங்கும், அல்லது விலகும். வேண்டிய இடம் வந்ததும் ஒரு திருகை இறுக்கிவிட வேண்டியதுதான். சுற்றுவதற்குக் கை வேண்டாம், டிரில்லை மாட்டிவிடலாம். லுபோர் பலகையெல்லாம் அறுத்துப் பெட்டி செய்தார், மேலே மால்ட் கொட்டப் புனல் வைத்தார். மரவேலை அவருக்கு நன்றாக வரும். ஹினெக் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

வேலை ஒரு சனிக்கிழமையில் முடியக்கூடியதுதான். முடியவில்லை. புஷ் பொருந்தவில்லை, வீட்டுக்குப் போய்ச் சரிசெய்து அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார் ஹினெக். அடுத்த சனிக்கிழமை, ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கிறது என்றார். அதற்கடுத்து, அச்சில் ஆட்டம் இருக்கிறது, பேரிங் மாற்ற வேண்டும் என்றார். வண்டி எஞ்சினில் வால்வு பார்க்கும் மெல்லிய தகடுகளை உருளைகளுக்கு நடுவே செருகி, கண்ணை இடுக்கிப் பார்த்து, தலையை ஆட்டுவார். லுபோர் காப்பி போடுவார். ஹினெக் மெதுவாகக் குடிப்பார், இரண்டாவது கோப்பையும் வாங்கிக்கொள்வார். பேச்சு பெரும்பாலும் இரும்பைப் பற்றித்தான்.

"மனுஷன் கிளம்பவே மாட்டேங்கிறாரு," என்று லுபோர் என்னிடம் சொன்னார். "மில்லு நேத்தே தயார். எனக்கே தெரியுது. அவருக்குத் தெரியாதா?"

"சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? இலவசமா செஞ்சு குடுக்கிறவர்ட்ட போய்."

காரணம் அந்த வாரமே தெரிந்தது. விருந்தில் யார் எங்கே உட்காருவது என்று பேச அபொலேனா போன் செய்தாள். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போதும் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, கொஞ்சம் இழுத்துவிட்டு, அம்மா கிறிஸ்துமஸ் முடிந்ததும் புர்னோவில் வீடு பார்த்துப் போய்விட்டாள், தனியாகத்தான் போயிருக்கிறாள், ஹினெக் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் நானும் சொல்லவில்லை என்றாள்.

லுபோர் நல்ல மனிதர். ஆனால் அந்தச் செய்தி கேட்டு அவருக்கு முதலில் வந்தது பரிதாபம் அல்ல. இத்தனை வருஷமாக ஊரில் தான் மட்டும் சுமந்த ஒன்றை இன்னொருவரும் சுமக்கிறார் என்ற குளிர்ச்சிதான் முதலில் வந்தது. இதை அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அந்தக் குளிர்ச்சி வாயில் வந்துவிட்டது. ஹினெக் புஷ் இரண்டையும் கழற்றி, கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கு," என்றார் ஹினெக். "அடுத்த வாரம்..."

"ஆட்டமெல்லாம் ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போகப் பிடிக்கலன்னு சொல்லுங்க. ஷார்காதான் புர்னோவுக்குப் போயிட்டாளாமே."

ஹினெக் புஷ்ஷை உருட்டுவதை நிறுத்தினார். அவருடைய காது மட்டும் சிவந்தது.

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? ஊருக்கு எப்பவாவது தெரியத்தானே போகுது. எனக்குத் தெரிஞ்ச மாதிரி."

"சந்தோஷமா உங்களுக்கு?"

லுபோர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஹினெக் புஷ் இரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, கதவைச் சாத்தாமல் போய்விட்டார்.

மேசை மேல் மில் நின்றது. பெட்டி, புனல், இரண்டு உருளைகள் எல்லாம் இருந்தன. புஷ் இல்லாமல் ஒரு உருளை ஓட்டைக்குள் கடகடவென்று ஆடியது. லுபோர் மரத்தில் ஒரு புஷ் செதுக்கிப் பார்த்தார். டிரில்லை ஓட்டியதும் அது பிளந்து தெறித்தது. வெளியே பனி உருகத் தொடங்கியிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. நிலவறையில் தொங்கிய வெப்பமானியைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வார்.

"ஏறுது."

"போய்க் கேளுங்க."

"அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிச்சதே இல்ல."

"அவரும் உங்க வீட்ட மிதிச்சதில்லதான். வந்தாரே?"

அன்று அவர் கடைசி நிலையத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே நடந்தார்.

அங்கே நடந்ததை மறுநாள் எனக்கு விவரமாகச் சொன்னார். கதவைத் திறந்த ஹினெக் முகம் மழிக்காமல் இருந்தார். உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கதவை விட்டு நகர்ந்து நின்றார். லுபோர் உள்ளே போய்க் கூடத்தில் நின்று சுற்றிப் பார்த்தார். நாற்காலி இருந்தது, மேசை இருந்தது, தொலைக்காட்சி இருந்தது. ஜன்னல்கள் மட்டும் மொட்டையாக இருந்தன. திரைகள் மடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக சோபாவில் அடுக்கியிருந்தன. சுவரில் கம்பி மாட்டியிருந்த இடங்களில் திருகு போட்ட ஓட்டைகள் தெரிந்தன.

"திரைக்கம்பியக் கழட்டிட்டுப் போயிட்டாளா?" என்று லுபோர் கேட்டார்.

"ஆமா."

"திரைய விட்டுட்டு?"

"ஆமா. மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கா. ஏன்?"

"எங்க வீட்லயும் அதையேதான் செஞ்சா. கம்பிய மட்டும் எடுத்துட்டுப் போனா. நான் ரெண்டு மாசம் ஜன்னல்ல செய்தித்தாள ஒட்டிவச்சிருந்தேன்."

ஹினெக் அவரைப் பார்த்தார். "அப்ப அவ இங்க வந்தன்னிக்கு நான் மாட்டினது உங்க வீட்டுக் கம்பியா?"

"பித்தளை முனை வச்சதா? சின்ன உருண்டை மாதிரி?"

"ஆமா."

"நான் வாங்கினது. இஹ்லாவாவுல."

"எனக்குப் புதுசுன்னு சொன்னா!"

ஹினெக் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல சிரிப்பு இல்லை, இருமல் மாதிரி வந்தது. பிறகு அது நிற்கவில்லை. லுபோரும் சிரித்தார். அந்தக் கம்பிகள் இப்போது புர்னோவில் எந்த ஜன்னலில் இருக்கின்றனவோ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்ததும் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு," என்றார் லுபோர்.

"பேசினது தப்பில்ல. பேசுறப்ப உங்க மூஞ்சி இருந்துச்சு பாருங்க, அதான்."

"மூஞ்சிய மாத்த முடியாது. இந்த 'நீங்க'வ மாத்தலாம். இத்தன நடந்ததுக்கப்புறம் 'நீங்க நீங்க'ன்னு கூப்பிட எனக்கு வாய் வலிக்குது."

ஹினெக் அலமாரியைத் திறந்து பிளம் சாராயமும் இரண்டு சிறிய கோப்பைகளும் எடுத்தார். 'நீ'க்கு மாறும்போது எங்கள் பக்கத்தில் செய்வதுபோல, கையைக் குலுக்கி, பெயரைச் சொல்லி, குடித்தார்கள். இருபது வருஷமாக ஒரே ஊரில் இருக்கிறவர்கள் புதிதாகப் பார்ப்பவர்கள்போலப் பெயரைச் சொல்லிக்கொண்டார்களாம். பிறகு ஹினெக் கோட்டுப் பைக்குள் கையை விட்டு புஷ் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுல ஆட்டம் எதுவும் இல்ல," என்றார். "ஆரம்பத்துலேந்தே இல்ல."

"தெரியும்ப்பா."

காய்ச்சும் நாளில் நானும் போயிருந்தேன். வெயில் அடித்தாலும் நிலவறை இன்னும் குளிராகவே இருந்தது. ஹினெக் தகட்டைச் செருகி, புஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி, திருகை இறுக்கினார். லுபோர் ஒரு கை மால்ட்டைப் புனலில் போட்டார். நான் டிரில்லைப் பிடித்தேன். உருளைகள் கர்ரென்று உறுமின. கீழே விழுந்ததை ஹினெக் உள்ளங்கையில் எடுத்து ஊதினார். பாதி மணிகள் முழுதாகவே இருந்தன.

"இன்னும் நெருக்கணும்."

நெருக்கினார். இந்த முறை மாவு பறந்தது. லுபோர் தும்மினார்.

"மாவு ஜாஸ்தி. கொஞ்சம் விடு."

"எவ்வளவு விட?"

"ஒரு தலைமுடி அளவு."

"யார் தலைமுடி? உனக்கு முடியே இல்லையே!"

மூன்றாவது முறை லுபோர் கையை நீட்டியபோது உமி முழுசாக, படகுபோல வளைந்து கிடந்தது. உள்ளே இருந்த பருப்பு நாலைந்து துண்டாக உடைந்திருந்தது. இருவரும் தலை முட்டும் அளவுக்குக் குனிந்து அதைப் பார்த்தார்கள். புது உருளையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும் என்று முதலில் வந்த ஒரு வாளியை வெளியே கொட்டிவிட்டு, மூட்டையைப் பிரித்தோம்.

ஒரே ஒருமுறை பயந்தோம். மூட்டை பாதி காலியானபோது சத்தம் மாறியது. டிரில் அதிர்ந்து அதிர்ந்து ஒரு பக்கத்துத் திருகு தளர்ந்து, உருளை சாய்ந்து மற்றதை உரசத் தொடங்கியிருந்தது. ஹினெக் பாய்ந்து என் கையிலிருந்து டிரில்லைப் பிடுங்கினார். உருளையில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு பளபளவென்று விழுந்திருந்தது. அதுவரை நொறுக்கியதில் இரும்பு கலந்திருக்குமோ என்று மூன்று பேரும் காந்தத்தை வைத்துக் கிளறினோம். மேலே இருந்த கொஞ்சத்தில்தான் ஒட்டியது. அதை அள்ளி எறிந்தோம். திருகுக்கு மேல் இன்னொரு நட்டு போட்டு ஹினெக் பூட்டினார். அதற்குப் பிறகு அது அசையவில்லை.

ஊறலில் ஒரு பங்கை மொண்டு தனியாகக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவது, மறுபடி மொண்டு கொதிக்கவைப்பது என்று பகல் போனது. வடிக்கும் நேரம் வந்ததும் லுபோர் குழாயைத் திறந்தார். முதலில் கலங்கலாக வந்தது. பிறகு தேன் நிறத்தில், தெளிவாக, நூல்போல இறங்கியது. நிற்கவே இல்லை. ஹினெக் ஒரு குவளை பிடித்துக் குடித்தார். அப்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர்தான்.

"பீர் மாதிரியே இல்லையே," என்றார்.

"பொறு. ஜூன் வரைக்கும் பொறு."

கல்யாணத்துக்கு ஹினெக்குக்கு அழைப்பு இல்லை. அபொலேனா கூப்பிடத்தான் நினைத்தாள், அம்மா என்ன நினைப்பாளோ என்று தயங்கினாள். லுபோர் அவளிடம், "உங்கம்மாவுக்காக நீ கூப்பிடாம இருக்கலாம். எனக்குப் பீப்பாய் தூக்க ஆள் வேணும். நான் கூட்டிட்டு வர்றேன்," என்றார். அப்படி ஹினெக், சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பீப்பாய் தூக்கும் ஆளாக வந்தார்.

தீயணைப்புக் கூடத்துத் தோட்டத்தில் விருந்து. ஈரல் உருண்டை போட்ட சூப், பாலாடைக் குழம்பில் மாட்டிறைச்சி, தட்டுத் தட்டாகப் கசகசா வைத்த ரொட்டி. பெரிய லிண்டன் மரத்தடியில் பீப்பாய்களோடு அவர்கள் இரண்டு பேரும் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குவளையைக் கழுவுவார், ஒருவர் பிடிப்பார். பீர் நன்றாக இருந்தது. என் பேச்சை நம்ப வேண்டாம், மாப்பிள்ளையின் தாத்தா இரண்டு முறை எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு நடக்க ஊன்றுகோல் வேண்டும்.

சாயங்காலம் ஷார்கா மரத்தடிக்கு வந்தாள். நீல உடுப்பு, வெட்டிய தலைமுடி. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே மரத்தடியில. யாராவது அடிச்சுச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்."

"பீர் வேணுமா?" என்றார் லுபோர்.

"குடு."

ஹினெக்தான் ஊற்றினார். நுரை வழிந்து புல்லில் கொட்டியது. அவள் வாங்கி, நின்றபடியே பாதியைக் குடித்தாள்.

"யாரு காய்ச்சினது?"

"நான் காய்ச்சினேன். மால்ட் நொறுக்கின மில்லு இவன் செஞ்சது."

"நல்லா இருக்கு," என்றாள். பிறகு ஹினெக்கிடம், "தூங்குறியா நீ?" என்று கேட்டாள்.

"தூங்குறேன்."

"இளைச்சிருக்க."

ஹினெக் ஒரு குவளையை எடுத்துக் கழுவினார். அபொலேனா புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டதும், ஷார்கா தன் குவளையை முழுசாகக் காலிசெய்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஹினெக் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். லுபோர் கொஞ்ச நேரம் அவரை விட்டுவிட்டார். பிறகு தோளைத் தட்டினார்.

"பீப்பாய் காத்து விடுது. அடுத்தத எடு."

இரண்டாவது பீப்பாயும் வெளிச்சம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கடைப் பீர் வந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் ஹினெக் வீட்டை விற்றுவிட்டு, இஹ்லாவாவில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனார். போகும்போது மில்லைப் பிரித்து, உரசிய உருளையை மறுபடி கடைந்து கொடுத்துவிட்டுத்தான் போனார். சில சனிக்கிழமைகளில் எங்கள் வண்டியிலேயே வருவார். நான் டிக்கெட் கேட்டால், "ஓட்டுறவன்கிட்ட கேளு," என்பார். டிக்கெட் எப்போதும் வாங்கியிருப்பார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு, லுபோர் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றுகொள்வார்.